பானெட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார் மெக்கானிக், வண்டியை ஓட்டலாமா?

தூத்துக்குடி வாசகி ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் இருப்பது 14 வயதைத் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக். நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய கார் விற்கும் டீலரிடம் வாங்கியது. டிரைவர் பக்கக் கதவை மூன்று தடவை ஓங்கி அடித்தால்தான் சாத்துகிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் டேஷ்போர்டில் கதவு திறந்திருப்பதாக விளக்கு மினுக்குகிறது. பின்பக்க இடது கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து திறப்பதில்லை. ஆறு வயதுப் பேரன் உட்காருவது அங்கேதான். சென்ட்ரல் லாக் தன் இஷ்டத்துக்குப் பூட்டிக்கொள்கிறது, திறந்துகொள்கிறது. பானெட் லீவரை இழுத்தும் திறக்காததால், தெருமுனை மெக்கானிக் கேபிளைச் சுருக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். இரண்டே வாரத்தில், மதுரை சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது பானெட் 'டப்'பென்று இரண்டு விரற்கடை எழும்பி நின்றுவிட்டது. அதே மெக்கானிக் இப்போது கிரில் வழியாக நைலான் கயிறு விட்டுக் கட்டியிருக்கிறார். நான்கு கதவு லாக்கையும் மாற்ற வேண்டும் என்கிறார். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதும் என்கிறார் கணவர். காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் மகன். டீலர் மீதோ கார் கம்பெனி மீதோ வழக்குப் போட முடியுமா, ஏழு மாதத்தில் வரும் ஆர்.சி. புதுப்பிப்புக்கு இது இடைஞ்சலாகுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கயிற்றை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். பானெட் சரியாகும் வரை கார் வீட்டிலேயே நிற்கட்டும். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் நான்கும் ஒரே வியாதியின் நான்கு அறிகுறிகள் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் மாற்று, எல்லாவற்றிலும் ஸ்ப்ரே அடி, எல்லாவற்றையும் விற்றுவிடு என்று மொத்தமாகவே யோசனை வருகிறது. இவை நான்கும் தனித்தனிக் கோளாறுகள். கடற்காற்றும் வயதும் எல்லாவற்றுக்கும் பொது, அவ்வளவுதான். கடிதத்தை வைத்துப் பார்த்தால், நான்கில் ஒன்றுக்குச் செலவே இல்லாமல்கூடப் போகலாம்.

பானெட் ஏன் எழும்பியது

பானெட்டை இரண்டு பிடிகள் பிடித்திருக்கின்றன. முதல் பிடி, முன் சட்டத்தில் போல்ட் போட்ட லாட்ச். பானெட்டின் அடியில் இருக்கும் வளைவுக் கம்பி அதற்குள் இறங்கியதும், கவை போன்ற ஒரு இரும்புத் துண்டு சுழன்று அதைக் கவ்வுகிறது. சிறிய தடுப்பு நாக்கு ஒன்று வந்து கவையைத் திரும்பவிடாமல் நிறுத்துகிறது. உள்ளே நீங்கள் லீவரை இழுக்கும்போது கேபிள் அந்த நாக்கைத்தான் விலக்குகிறது. இரண்டாவது பிடி, பானெட்டின் விளிம்புக்கு அடியில் விரல் விட்டுத் தள்ளுவீர்களே, அந்தக் கொக்கி. முதல் பிடி விட்டாலும் பானெட் கண்ணாடியில் வந்து அறையாமல் இருக்க வைத்த காவல் அது. மதுரை சாலையில் உங்களைக் காப்பாற்றியது அந்தக் கொக்கிதான்.

முதலில் திறக்காமல் இருந்ததற்குக் காரணம், பெரும்பாலும் லாட்ச் துருப்பிடித்து இறுகியது அல்லது கேபிள் தளர்ந்தது. மெக்கானிக் லாட்ச்சைக் கழுவாமல் கேபிளைச் சுருக்கிவிட்டார். சுருக்கிய கேபிள் நாக்கை எப்போதும் கொஞ்சம் விலக்கியே வைத்திருக்கும். நாக்கு பாதி இடத்தில் நின்றால் கவை முழுதாகப் பூட்டாது. பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும். ஆக, திறக்கவில்லை என்று செய்த வைத்தியமே தானாகத் திறக்கும் நோயைக் கொடுத்திருக்கிறது. இதைச் சோதிப்பது சுலபம். உள்ளே லீவரை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் சில மில்லிமீட்டர் தொளதொளப்பு இருக்க வேண்டும். தொட்டவுடனே விறைப்பாக இருந்தால் கேபிள் இழுத்தபடியே நிற்கிறது என்று அர்த்தம்.

கயிறு ஏன் கூடாது என்றால், நைலான் கயிறு ரேடியேட்டர் சூட்டில் இளகும், ஃபேனில் சிக்கும். எஞ்சினிலிருந்து புகை வந்தால் பானெட்டை உடனே திறக்கவும் முடியாது.

சரி செய்யும் முறை இது. கயிற்றை அவிழ்த்து பானெட்டைத் திறந்து, லாட்ச்சை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் கொண்டு கழுவச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். காய்ந்த பிறகு, பானெட் திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரால் கவையைக் கீழே தள்ளினால் 'டக்'கென்று பூட்ட வேண்டும். மேல்நோக்கி நெம்பினால் விடக் கூடாது. உள்ளே ஒருவர் லீவரை இழுத்ததும் சட்டென்று விட வேண்டும். லீவரை விட்டதும் நாக்கு ஸ்ப்ரிங் இழுப்பில் தானாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும். இதில் எது தவறினாலும் லாட்ச் புதிது போடுங்கள். கேபிளை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும். முடிச்சுப் போட்ட கேபிளை நீட்டி மறுபடி பயன்படுத்த முடியாது. பழைய கேபிளின் நுனியில் ஒரு நூலைக் கட்டி உருவினால், அந்த நூலே புதிய கேபிளுக்கு வழி காட்டும். எஞ்சின் அறைச் சுவரில் கேபிள் நுழையும் துளையின் ரப்பர் வளையத்தைத் திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள். மறந்தால் மழைத் தண்ணீர் உங்கள் கால்மாட்டுக்கு வரும்.

அடுத்து, அந்த இரண்டாவது கொக்கி. விரலால் ஒதுக்கிவிட்டு விடுங்கள். தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். ஒதுக்கிய இடத்திலேயே நின்றால் அந்த வண்டி சாலைக்கு லாயக்கில்லை. இது சின்ன விஷயம் அல்ல: நிஸான் நிறுவனம் ஆல்டிமா கார்களில் இந்தக் கொக்கி தூசும் துருவும் பிடித்துத் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது என்பதற்காக 2020-இல் சுமார் 18 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. உப்பளக் காற்றில் 14 ஆண்டுகள் நின்ற கொக்கியின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பொருத்தி முடித்ததும் லாட்ச்சின் போல்ட்டுகளை லேசாக முடுக்கி, பானெட்டை மெதுவாக இறக்கி, வளைவுக் கம்பி லாட்ச்சின் நடுவில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்க வேண்டும். இரண்டு மூலையிலும் உள்ள ரப்பர் குமிழ்களைத் திருகி உயரம் சரிசெய்யலாம். அவை தேய்ந்திருந்தால் பானெட் ஓட்டத்தில் அதிரும், லாட்ச் சீக்கிரம் தேயும். சாத்தும்போது ஒரு அடி உயரத்திலிருந்து விடுங்கள். மேலே கையை ஊன்றி அமுக்கினால் தகடு நெளியும்.

கதவு: லாக் என்று ஒரே பெயர், உள்ளே இரண்டு வேலை

கதவின் விளிம்பில் இருக்கும் லாட்ச் கதவைப் பிடித்துக்கொள்கிறது. சாவி, பட்டன், மோட்டார் எல்லாம் கைப்பிடி வேலை செய்யலாமா கூடாதா என்று மட்டும் தீர்மானிக்கின்றன. டிரைவர் கதவில் உங்களுக்கு முதல் வகைக் கோளாறு. பின்கதவிலும் சென்ட்ரல் லாக்கிலும் கோளாறு இரண்டாம் வகை. நான்கையும் மாற்றச் சொன்னவர் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை.

டிரைவர் கதவிலிருந்து ஆரம்பிப்போம். பின்கண்ணாடி ஒன்றை முழுதாக இறக்கிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். சுலபமாகச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்றும் கதவின் ரப்பரும்தான் தடை. லாட்ச் மேல் பழி இல்லை. அப்படியும் சாத்தவில்லை என்றால், கதவைப் பாதி திறந்து, அடி விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு ஏறி இறங்கினால் கீல் தேய்ந்து தொங்குகிறது. அதிகம் திறந்து மூடுவது டிரைவர் கதவு என்பதால் அதன் கீல்தான் முதலில் தேயும். தூண் பக்கத்தில் இருக்கும் வளையக் கம்பிக்கு ஸ்ட்ரைக்கர் என்று பெயர். அதன் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், கதவு அதன் மேல் உரசி ஏறித்தான் உட்காருகிறது என்று பொருள்.

இந்த இடத்தில் பல பட்டறைகளில் செய்யும் தப்பு, கீலை விட்டுவிட்டு ஸ்ட்ரைக்கரை நகர்த்துவது. கீல் தொங்கும்வரை நகர்த்தல் சில மாதம்தான் தாங்கும். கீலைச் சரிசெய்த பிறகும் தேவைப்பட்டால், ஸ்ட்ரைக்கரைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, திருகுகளைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் நகர்த்திப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் நகர்த்தினால் கதவு லேசாகச் சாத்தும், ஆனால் காற்று இரையும், கதவு அதிரும். உள்பக்கம் நகர்த்தினால் இறுக்கமாகும்.

கதவின் லாட்ச்சுக்கு இரண்டு படிகள் உண்டு. கதவைத் திறந்து வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் கவையைத் தள்ளினால் 'டக், டக்' என்று இரண்டு சத்தம் கேட்க வேண்டும். முதல் சத்தம் அரைப் பிடி, இரண்டாவது முழுப் பிடி. உங்கள் விளக்கு மினுக்குவதைப் பார்த்தால் கதவு அரைப் பிடியில் நிற்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அரைப் பிடி அவசரத்துக்கு வைத்தது. விபத்தில் முழுப் பிடி தாங்குகிற சுமையை அது தாங்காது. சுவிட்ச் கெட்டும் மினுக்கலாம் என்பது உண்மை; முதலில் அரைப் பிடி இல்லை என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் சுவிட்ச்சுக்கு வாருங்கள். ஒரு எச்சரிக்கை: சோதித்து முடித்ததும் கைப்பிடியை இழுத்துக் கவையைத் திறந்துவிட்ட பிறகே கதவைச் சாத்துங்கள். மூடிய கவையோடு ஓங்கிச் சாத்தினால் ஸ்ட்ரைக்கரில் மோதி இரண்டும் கெடும்.

இனி பேரன் உட்காரும் கதவு. சிரிக்காதீர்கள், முதலில் சைல்டு லாக்கைப் பாருங்கள். பின்கதவைத் திறந்தால் விளிம்பில், லாட்ச்சுக்குப் பக்கத்தில், ஒரு சிறிய லீவரோ சாவி நுழையும் பள்ளமோ இருக்கும். அது போட்டிருந்தால் கதவு வெளியிலிருந்து திறக்கும், உள்ளிருந்து திறக்காது. நீங்கள் எழுதியிருப்பது அட்சரம் பிசகாமல் அதேதான். வாட்டர் வாஷ் செய்யும்போது கை பட்டு விழுந்திருக்கலாம். ஆறு வயதுப் பையனுக்கு அது போட்டிருப்பதே நல்லது. சைல்டு லாக் போடாமலே இப்படி என்றால், உள்கைப்பிடியிலிருந்து லாட்ச்சுக்குப் போகும் கம்பியோ கேபிளோ கழன்றிருக்கிறது. அந்தக் கம்பியைப் பிடித்திருப்பது நகம் அளவு பிளாஸ்டிக் கிளிப். வெயிலில் காய்ந்து நொறுங்கும். லாட்ச் மாற்ற வேண்டியதே இல்லை, கிளிப் மட்டும் கேளுங்கள். இதற்கு நேர்மாறாக, உள்ளிருந்து திறந்து வெளியிலிருந்து திறக்கவில்லை என்றால் வெளிக்கைப்பிடியும் அதன் கம்பியும். இரண்டு பக்கமும் திறக்காவிட்டால் மட்டும் பூட்டு நிலையில் மாட்டியிருக்கிறதா, லாட்ச் செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

சென்ட்ரல் லாக் கூத்துக்குப் பெரும்பாலும் காரணம் மோட்டார் அல்ல, ஒயர். டிரைவர் கதவுக்கும் முன் தூணுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழல் மடிந்து மடிந்து விரியும். உள்ளே போகும் ஒயர்கள் ஆயிரக்கணக்கான தடவை வளைந்து, மேலுறை வெடித்து, ஒன்றோடொன்று உரசும். கதவைத் திறந்து வைத்து அந்தக் குழலைக் கையால் அசையுங்கள். மற்ற கதவுகள் 'டக் டக்'கென்று அடித்தால் திருடன் அகப்பட்டான். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது ஆறு மாதத் தீர்வு. சால்டர் செய்து, சூடு பட்டால் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, இணைப்பு குழல் வளையும் இடத்தில் வராதபடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். குழலில் குற்றமில்லை என்றால் டிரைவர் கதவின் ஆக்சுவேட்டரை, அதாவது பூட்டை நகர்த்தும் சிறு மோட்டாரைப் பார்க்க வேண்டும். பல கார்களில் மற்ற மூன்றுக்கும் கட்டளை போவது அதிலிருந்துதான். அதுவரை, சென்ட்ரல் லாக்குக்கான ஃபியூஸைக் கழற்றிவிட்டால் கதவுகளைப் பட்டனால் கையால் பூட்டித் திறக்கலாம். அந்த ஃபியூஸ் வேறு எதற்கும் பொதுவா என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். எது எப்படியோ, எஞ்சின் ஓட, சாவி உள்ளே இருக்க, பேரனை விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட இறங்காதீர்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் வண்டி அது.

ஸ்ப்ரேயும் தேங்காய் எண்ணெயும்

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் உருவானது. பழைய கிரீஸையும் கரைத்துவிடும், தானும் சீக்கிரம் காய்ந்துவிடும். அதோடு விட்டால் அடுத்த மழைக்கு லாட்ச் முன்னைவிட மோசமாகும். அடித்து, துடைத்து, பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸைக் கவையிலும் நாக்கிலும் கொக்கியின் அச்சிலும் பட்டாணி அளவு தடவ வேண்டும். கடலோர ஊரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். சாவித் துளைக்கு மட்டும் கிரீஸ் கூடாது. கிராஃபைட் தூள் போதும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசின் மாதிரி இறுகி, தூசியோடு சேர்ந்து சாவியையே திருகவிடாமல் செய்யும்.

கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறுவது அவற்றின் வழியாகத்தான். அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் நின்று லாட்ச்சும் கதவும் சேர்ந்தே துருப்பிடிக்கும். ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றால் குத்தி எடுங்கள். கம்பி விட்டால் பெயின்ட் உரியும். கதவைப் பிரித்து வேலை செய்பவர்கள் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். அதைத் திரும்ப ஒட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

காயலான் கடைக்கா?

மகனின் யோசனையை லாட்ச் தீர்மானிக்காது. லாட்ச் போல்ட் போட்டிருக்கும் இரும்பு தீர்மானிக்கும். பானெட் லாட்ச் உட்காரும் முன் சட்டம், கீல் பொருந்தும் தூண், ஸ்ட்ரைக்கர் இருக்கும் தூண், கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியாக ஒலித்தால் வண்டிக்கு இன்னும் ஆயுள் உண்டு. பொதபொதவென்று உள்வாங்கினாலோ, தகடு உதிர்ந்தாலோ, புது லாட்ச் போட்டும் பலனில்லை. அப்போது உங்கள் மகன் சொல்வதே சரி. மேலோட்டத் துருவுக்குப் பயந்து விற்க வேண்டாம்.

பணத்தை மிச்சப்படுத்தச் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிகள் வாங்குபவர்கள் உண்டு. உள்கைப்பிடி, ரப்பர் குமிழ், கதவு மோட்டார் வாங்கலாம். லாட்ச்சும் ஸ்ட்ரைக்கரும் பழையது வேண்டாம். விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து வந்ததா என்று பார்வைக்குத் தெரியாது.

சட்டம் எங்கே நிற்கிறது

கம்பெனி மீது வழக்கு நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 110ஏ பிரிவு குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அதற்கான விதி ஏழு வயதுக்குள் இருக்கும் வாகனங்களுக்கே பொருந்தும். ஆனாலும், வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி, முன்பு ஏதாவது ரீகால் அறிவித்து உங்கள் வண்டியில் செய்யாமல் விட்டிருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு தடவை கேளுங்கள். டீலர் விஷயத்திலும் காலம் கடந்துவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். தேய்மானத்தை மறைத்து விற்றார் என்று நிரூபிப்பதும் லேசல்ல.

மெக்கானிக் விஷயம் வேறு. காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை ஆபத்தை உண்டாக்கியிருக்கிறது. இது சேவைக் குறைபாடு. பில் இருக்கிறதா? இல்லையென்றால் ஜிபே விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரமாகும். கயிறும் முடிச்சும் தெரிகிற மாதிரி இன்றே புகைப்படம் எடுங்கள், அவிழ்த்த பிறகு சாட்சி இல்லை. கேபிளையும் லாட்ச்சையும் சொந்தச் செலவில் சரிசெய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் இல்லை. என் அபிப்பிராயம் கேட்டால், சில ஆயிரத்துக்காக ஆணையம் வரை போகாமல், எழுத்துக் கோரிக்கையோடு பணத்தைத் திரும்பப் பெற்று வேறு பட்டறைக்குப் போவது நிம்மதி.

உங்கள் பக்கம் இருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். குறைபாடு தெரிந்தே வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவில் 1,500 ரூபாய் அபராதம். அதனால் விபத்தாகி யாருக்காவது காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. இன்சூரன்ஸ் தேய்மானத்துக்குப் பணம் தராது. வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை என்பதால், பூட்டாத கதவோடு வண்டி திருடு போனாலும் கயிறு கட்டிய பானெட் பறந்தாலும் கிளெய்மில் கேள்வி கேட்பார்கள்.

ஆர்.சி. புதுப்பிக்கப் படிவம் 25-இல், காலாவதியாகும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். ஆய்வில் தேறினால் ஐந்து ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. வண்டியை நேரில் காட்ட வேண்டும். சாத்தாத கதவும் கயிறு கட்டிய பானெட்டும் அங்கே நிச்சயம் கண்ணில் படும். ஏழு மாதம் இருப்பதால் இந்த மாதம் பானெட், அடுத்து டிரைவர் கதவின் கீல், அப்புறம் ஒயர் என்று பிரித்துச் செய்யலாம்.

வேலை முடிவதற்குள் அவசரத்துக்கு எடுத்து, ஓட்டத்தில் பானெட் முழுதாகத் திறந்து கண்ணாடியை மறைத்துவிட்டால், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், பின்னால் வரும் லாரி உங்கள் மேல் ஏறும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஹசார்டு விளக்கைப் போட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். தலையைத் தாழ்த்தினால் பல கார்களில் பானெட்டின் கீல் பக்கம் கீழே ஒரு சின்ன இடைவெளி வழியாகச் சாலை தெரியும். தெரியாவிட்டால் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்து இடது ஓரம் ஒதுங்குங்கள்.